ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

வட்டகொடை ஸ்டேஷனில் ஞாயிற்றுக்கிழமை காலை ஹட்டன் பக்கம் போகும் கோச்சிக்காகக் காத்திருப்பவர்களில் மப்ளர் சுற்றிய ஒரு மனுசன் தவறாமல் இருப்பார். ஊசிமலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் கணேசமூர்த்தி. மழை கொட்டினாலும் சரி, முன்னால் நிற்பவன் முகம் தெரியாதபடி பனி இறங்கினாலும் சரி, வந்துவிடுவார். தெரியாதவர்கள் கோவிலுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். தெரிந்தவர்கள், "என்னங்க கிளாக்கரையா, பெரட்டுக்கா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் விடமாட்டார். "ஆமா, நீங்கதான் ஒரு நாளும் வர மாட்டேங்கிறீங்க" என்பார்.

தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, இன்ன மலைக்கு இன்னார் என்று வேலைக்குப் பிரித்து அனுப்புவதற்குப் பெரட்டு என்று பேர். அது விடியற்காலை வேலை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, அதுவும் ஹட்டன் டவுனில் என்ன பெரட்டு? கேட்டால் கேட்டவரை உட்கார வைத்துக் கோச்சி வரும்வரை விளக்குவார். அதனாலேயே யாரும் கேட்பதில்லை.

ஹட்டனில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நஸார் கொமியூனிகேஷன் என்று ஒரு கடை. டெலிபோன் கூண்டு இரண்டு, போட்டோக்கொப்பி மெஷின் ஒன்று, கம்ப்யூட்டர் மூன்று. அதில் சுவரோரக் கம்ப்யூட்டரில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் நஸாரே போய், "கொஞ்சம் எழும்புங்க, கிளாக்கரையா வந்துட்டாரு" என்று எழுப்பிவிடுவார். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டிலிருந்து அது கணேசமூர்த்தியின் நாற்காலி.

குழுவை உண்டாக்கியது நஸாரின் யோசனைதான். தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குப் போனவர்களைப் பற்றிக் கணேசமூர்த்தி வாய் ஓயாமல் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, "இப்புடி என்கிட்ட சொல்றதுக்கு அவங்ககிட்டயே பேசலாமே ஐயா" என்றார். ஏதோ ஓர் அமெரிக்கக் கம்பெனி இன்டர்நெட்டில் சும்மா இடம் கொடுக்கிறதாம். ஒரு பேர் வைத்து, பக்கம் திறந்து, அதில் எல்லாரும் எழுதிக்கொள்ளலாமாம். கணேசமூர்த்தி "பெரட்டுக்களம்" என்று பேர் வைத்தார். நஸார் சும்மா விடுவாரா? கணேசமூர்த்தி எழுதும் ஒவ்வொன்றுக்கும் அடியில், "நஸார் கொமியூனிகேஷன், பஸ் ஸ்டாண்ட் முன்னால், ஹட்டன்" என்ற வரியும் கடை டெலிபோன் நம்பரும் தானாக வந்து நிற்கிற மாதிரி செய்து வைத்துவிட்டார்.

"இது என்னங்க அசிங்கமா? நான் துக்கச் செய்தி போட்டாலும் ஒங்க வெளம்பரம் வருது."

"எடம் நான்தானே தாறன் ஐயா. ஒரு மூலையில கெடந்துட்டுப் போகட்டுமே."

கிடந்துவிட்டுப் போனது.

முதலில் நாலைந்து பேர்தான். பிறகு குன்னூரிலிருந்து ஒருவர், கூடலூரிலிருந்து இரண்டு பேர், கோயம்புத்தூர் மில்லில் வேலை செய்யும் ஒருவரின் மகள் என்று, புற்றீசல் மாதிரி வந்து சேர்ந்தார்கள். கனடாவிலிருந்து பரமலிங்கம் மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு எண்பத்து மூன்று கலவரத்தோடு போனவர். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தட்டி என்னென்னவோ பேசினார்கள். கட்டச் சம்பலுக்கு மாசிக் கருவாடு போடுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் சண்டை. காமன் கூத்தில் ரதி வேசம் கட்டியவர் எந்த லயத்து வரிசை வீட்டுக்காரர் என்று ஒரு மாசம். தீபாவளிக்குத் திரை கட்டிப் படம் காட்டும்போது மழை வந்து, நனைந்த திரையில் கதாநாயகி முகம் நெளிந்ததைப் பற்றி ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். கேட்டால் ஒன்றுமில்லாத பேச்சு. ஆனால் கணேசமூர்த்தி அதை வாசித்துவிட்டுக் கோச்சி ஏறினால் வட்டகொடை வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டு போவார்.

பெரட்டு கணேசமூர்த்தியின் சொந்தக் கண்டுபிடிப்பு. செக்ரோல் என்ற ஆட்பேர்ப் புத்தகம் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? பத்து மணிக்கு லயம் வாரியாகப் பேர் போடுவார். அன்று முழுக்க அவரவர் வசதிப்படி வந்து, "வந்தாச்சு" என்று போட வேண்டும். அவ்வளவுதான். வராதவரை அடுத்த கிழமை கணக்கப்பிள்ளை மாதிரி அதட்டுவார்: "மூணாம் நம்பர் லயம் வீரய்யா, போன வாரம் எங்க போனீங்க? அரைப்பேர்தான் விழும், பாதிச் சம்பளம்." வீரய்யா குன்னூரிலிருந்து, "கங்காணி, மகளுக்குக் கல்யாணம், மன்னிக்கணும்" என்று எழுதுவார். எல்லாருக்கும் கொண்டாட்டம். பரமலிங்கம் மாஸ்டர், "எனக்கு இது சனிக்கிழமை இராப் பெரட்டு, டபுள் சம்பளம் தரவேணும்" என்று எழுதினார்.

ஆறாம் நம்பர் லயத்தில் ஒரு பேர் வந்து சேர்ந்த நாளைத்தான் கணேசமூர்த்தி மறக்கவில்லை. "அழகன். ஆறாம் நம்பர் லயம். இப்ப கோத்தகிரி." வேறு ஒரு சொல் இல்லை. கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்ப வாசித்தார். ஆறாம் நம்பர் லயத்தில் அழகன் என்று ஒரே ஓர் ஆள்தான் இருந்தான். அவருடைய கூடப் பிறந்த அண்ணன்.

அண்ணனும் தம்பியும் பேசி இருபது வருசத்துக்கு மேல். காரணம் பெரிய ரகசியம் இல்லை, தோட்டத்துக்கே தெரியும். எழுபத்தொன்பதில் இரண்டு அரசாங்க ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட் வந்ததும் அழகன் பெண்டாட்டி பிள்ளையோடு புறப்பட்டார். அப்பா அம்மா ஏற்கெனவே இல்லை. தம்பிக்கும் பாஸ்போர்ட் இருந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து ஆபீசில் சின்னக் கிளாக்கர் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. தலைமன்னார்க் கோச்சியில் ஊரே ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க முன்னால போங்கண்ணே. அடுத்த கப்பல்ல வந்துர்றேன்" என்றார் கணேசமூர்த்தி. அழகன் நம்பினார். மண்டபம் முகாமிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் போய், கப்பல் வரும்போதெல்லாம் இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். கோத்தகிரிக்குப் போனபிறகும் தம்பிக்கென்று பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தாராம்.

இங்கே வேலை கிடைத்தது. லயத்தை விட்டு ஸ்டாப் குவாட்டர்சுக்குப் போனார். கல்யாணம் நடந்தது. அடுத்த கப்பல், அடுத்த கப்பல் என்று காலம் போனது. எண்பத்து நாலில் சண்டையால் கப்பலே நின்றுபோனது. அப்போதுதான் கோத்தகிரியிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. "இனி எனக்குத் தம்பி இல்லை." கணேசமூர்த்திக்கும் ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பதில் போடவில்லை. போகப் போக, எந்த முகத்தோடு போடுவது என்று ஆகிவிட்டது.

இப்போது அந்த அண்ணன் வந்து பெரட்டில் நிற்கிறார். என்ன செய்வார் கணேசமூர்த்தி? மற்றவர்களைப் போலவே ஆறாம் நம்பர் லயத்துக்கு நேரே "அழகன்" என்று போட்டார். மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எந்த ஊர் மரியாதை? ஆனால் பெரட்டில் அண்ணன் தம்பி கிடையாது, பேர்தான் உண்டு. அந்தச் சாக்கு அவருக்குப் போதுமாக இருந்தது. அண்ணனுக்கும் போதுமாக இருந்திருக்க வேண்டும். பேர் போட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பதில் வந்துவிடும், எல்லாருக்கும் முந்தி.

"வந்தாச்சு."

ஆறு வருசம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பி அழகன் என்று கூப்பிடுவார், அண்ணன் வந்தாச்சு என்பார். அதற்கு மேல் ஓர் எழுத்து கிடையாது. டெலிபோன் நம்பர் கேட்கவில்லை, முகவரி கேட்கவில்லை. நேருக்கு நேர் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியவர்கள், ஐம்பது பேர் கூட்டத்தில் தோளோடு தோள் உரசி நிற்கிற மாதிரி ஒரு வசதி அது. அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டால் கணேசமூர்த்திக்கு அந்தக் கிழமை முழுக்க ஓடும். இரத்த அழுத்த மாத்திரையை மறந்தாலும் மறப்பார், இதை மறக்க மாட்டார்.

ஒரே ஒரு தடவை அண்ணன் கூடுதலாக எழுதினார். பீலிக்கரையில் குளிக்கும்போது பாறையிலிருந்து குதித்து முன்பல்லை உடைத்துக்கொண்டது அழகன்தானே என்று வீரய்யா கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில்: "அது அழகன் இல்லை. அவன் தம்பி."

அவன் தம்பி! கணேசமூர்த்தி அன்றைக்கு உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தார். நஸார் என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "ஒண்ணுமில்லங்க. பழைய பல்லு" என்றார் இவர். நஸார் எட்டிப் பார்த்து, "பிரிண்ட் எடுத்துத் தரவா ஐயா?" என்று கேட்டதற்கு, "எதுக்குங்க? அது எங்க ஓடிப் போகப் போகுது" என்று சொல்லிவிட்டார்.

அமெரிக்கக் கம்பெனியின் அறிவித்தல் இரண்டாயிரத்து எட்டுக் கடைசியில் வந்தது. நஸார்தான் ஆங்கிலத்தை வாசித்துச் சொன்னார். இந்தக் குழு வைக்கிற வேலையைக் கம்பெனி நிறுத்தப் போகிறது. வேண்டியவர்கள் தங்கள் குழுவை இன்னொரு கம்பெனியின் இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு நாள் குறித்து ஒரு தவணை உண்டு.

"அப்ப இன்னொரு கம்பெனி எடுக்குதா?" என்று கேட்டார் கணேசமூர்த்தி.

"இன்னொரு கம்பெனி பேரும் போட்டுத்தான் ஈக்குது. ஆனா நாங்கதான் மாத்தணும் போல ஐயா."

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க."

இந்த இடத்தில் அவர் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போல இருக்கிறது. ஆனால் அவர் கண்ட உலகம் அப்படி. ஊசிமலைத் தோட்டம் வெள்ளைக்காரக் கம்பெனியிடம் இருந்தது. எழுபத்தைந்தில் அரசாங்கம் எடுத்தது. தொண்ணூற்றிரண்டில் தனியார் கம்பெனி வந்தது. ஒவ்வொரு தடவையும் ஐயோ குய்யோ என்று பேச்சு அடிபட்டது. கடைசியில் கேட்டில் போர்டு மாறியது, பங்களாவில் துரை மாறினார். லயம் அப்படியே இருந்தது, கோவில் அப்படியே இருந்தது, செக்ரோலில் பேர் அப்படியே இருந்தது. தொண்ணூற்றிரண்டில் செக்ரோலைப் புதுக் கம்பெனி ஆளிடம் ஒப்படைத்ததே கணேசமூர்த்திதான். எந்தக் கம்பெனி போனாலும் தோட்டத்தை ஆட்களோடு சேர்த்துத்தான் விட்டுவிட்டுப் போகும். ஆட்களைக் கலைத்துவிட்டு, மலையையும் வழித்துத் துடைத்துக்கொண்டு போகிற கம்பெனி ஒன்று இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவருக்கு மட்டுமா? குழுவில் இருந்த அத்தனை பேரும் தோட்டத்துப் பிள்ளைகள். அறிவித்தலைப் பற்றி அவர் எழுதியதும், "புதுத் துரை எப்படி, நல்லவரா?" என்று ஒருவர் கேட்டார். "கம்பளி தருவாங்களான்னு கேளுங்க" என்று இன்னொருவர். "கம்பெனி மாறும், பெரட்டு மாறாது" என்று வீரய்யா எழுதினார். எல்லாரும் கைதட்டினார்கள். பரமலிங்கம் மாஸ்டர் ஒருவர்தான் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

"தம்பி கணேசமூர்த்தி, இது தோட்டம் இல்லை. கம்பனிக்காரன் கடையைப் பூட்டினால் உள்ளுக்கை இருக்கிறதெல்லாம் துலைஞ்சுது. நீர் கெதியாய் வேறை இடத்துக்கு மாத்தும். இல்லாட்டிப் பிறகு ஆளை ஆள் தேட ஏலாது."

"மாஸ்டர் பயப்படாதீங்க. ஒங்க பேரு செக்ரோல்ல பத்திரமா இருக்கு" என்று கணேசமூர்த்தி பதில் எழுதினார். அடியில் வழக்கம்போல நஸார் கொமியூனிகேஷன்.

கடைசி ஞாயிறு வந்தபோது அது கடைசி என்று தெரியாமலே பேர் போட்டார். "வந்தாச்சு" வந்தது. என்னவோ, அன்றைக்கு மாஸ்டர் சொன்னது மனசில் உறுத்தியது. ஒருவேளை, ஒரே ஒருவேளை, புதுக் கம்பெனி வர ஒரு வாரம் பிந்தினால்? "அண்ணே, ஒங்க போன் நம்பர்" என்று தட்டினார். தட்டியதைப் பார்த்தார். அண்ணே என்ற சொல் அந்த வெளிச்சத்தில் அவ்வளவு பெரிசாகத் தெரிந்தது. ஐம்பது பேர் பார்ப்பார்கள். அண்ணன் பதில் போடாவிட்டால்? அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுத்து எழுத்தாக அழித்தார்.

அடுத்த ஞாயிறு பக்கம் திறக்கவில்லை. வெள்ளையாக ஒரு வெளி, நடுவில் இரண்டு வரி ஆங்கிலம்.

"இன்னொரு தடவ தட்டிப் பாருங்க நஸார்."

"தட்டிட்டன் ஐயா."

"வேற கம்ப்யூட்டர்ல பாருங்க."

மூன்றிலும் பார்த்தார்கள். மூன்றிலும் அதே இரண்டு வரி. மற்றவர்களின் ஈமெயில் முகவரி எல்லாம் அந்தப் பக்கத்துக்குள்தான் இருந்தன. கணேசமூர்த்தி எதையும் வெளியே எழுதி வைத்தவரில்லை. மாற்றுவதற்குக் கொடுத்த தவணையும் போய்விட்டது. நஸார் மெதுவாக, "பூட்டிட்டாங்க ஐயா" என்றார்.

கணேசமூர்த்திக்கு நெஞ்சை அடைத்தது. கம்பளி மப்ளரை இழுத்துத் தளர்த்தினார். தலைமன்னாரில் கப்பல் நின்றுபோன செய்தியை ரேடியோவில் கேட்டபோது இருந்த அதே அடைப்பு. அன்றைக்கும் இப்படித்தான், கப்பல் என்ன ஓடிக்கொண்டே இருக்கும் என்று இருந்தார். ஒரு மனுசன் ஒரே குழியில் இரண்டு தடவை விழுவானா? விழுந்துவிட்டாரே! "பாவி, பாவி" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். கடையில் ஆட்கள் இருப்பதையும் பார்க்காமல் அழுதார். "அது அழகன் இல்லை. அவன் தம்பி" என்ற வரிகூடப் போய்விட்டதே என்று நினைத்தபோதுதான் அழுகை அடக்க முடியாமல் வந்தது.

அதற்கடுத்த ஞாயிறும் அவர் வந்தார். நஸாருக்கு ஆச்சரியம். எழுபத்தைந்தில் அரசாங்கம் தோட்டத்தை எடுத்தபோது சில நாள் துரையும் இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை, பேர் கூப்பிட ஆள் இல்லை. ஆனாலும் சனங்கள் கொழுந்துக் கூடையோடு பெரட்டுக்களத்தில் போய்த் தூறலில் நின்றார்கள். நின்று பழகிய கால், வேறு எங்கே போகும்? கணேசமூர்த்தியும் அப்படித்தான் சுவரோர நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நஸார் கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்தார். போடாமல் இருந்தால் அதைவிடப் பாவமாக இருந்திருக்கும்.

பத்து மணிக்குக் கடை டெலிபோன் அடித்தது. நஸார் போய் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. "யாரோ கை தவறி அடிக்கிறாங்க. போன ஞாயித்துக்கெழமையும் இதே மாதிரித்தான்" என்று முணுமுணுத்தார். அதற்கடுத்த ஞாயிறும் பத்து மணிக்கு அடித்தது, எடுத்தார், அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, வைத்துவிட்டார்கள். "வேல வெட்டி இல்லாதவனுகள்" என்று நஸாருக்குக் கோபம்.

அப்படியே இன்னொரு ஞாயிறு. நஸார் யாருக்கோ அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டிருந்தார். டெலிபோன் அடித்தது.

"ஐயா, கொஞ்சம் எடுங்க! கைல வேல. அந்தப் பயலா இருந்தா நல்லா ரெண்டு குடுங்க."

கணேசமூர்த்தி எழுந்துபோய் எடுத்தார். "ஹலோ, நஸார் கொமியூனிகேஷன்."

மூச்சுச் சத்தம். எங்கோ தூரத்தில் பஸ் ஹார்ன். அவர் திட்டுவதற்கு வாயெடுத்தார். அதற்குள் ஒரு குரல், இருமலோடு:

"பெரட்டு இல்லையா இன்னைக்கு?"

முப்பது வருசத்தில் குரல் கிழடு தட்டியிருந்தது. ஆனால் அந்த இருமல் அப்பாவின் இருமல். கணேசமூர்த்தி நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நம்பர்... நம்பர் எப்படி?"

"ஆறு வருசமா ஒன் பேருக்குக் கீழ அந்த நஸார் பேர வாசிக்கிறேன்ல. நீ எழுதுறத அடி வரைக்கும் வாசிச்சா நம்பர் மனப்பாடமாகாதா?"

கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். "கூப்புடு. நேரமாச்சு" என்றது குரல்.

கணேசமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆறு வருசமாகத் தட்டியதை முதன்முதலாக வாயால் சொன்னார். "ஆறாம் நம்பர் லயம்..." அதற்கு மேல் அந்தப் பேர் வரவில்லை. நாக்கு உடைந்த பல்லில் போய் இடித்தது.

"அண்ணே" என்றார்.

வைத்துவிட்டாரோ என்று பயந்து ரிசீவரைக் காதில் அழுத்தினார்.

"வந்தாச்சு" என்றார் அழகன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ எப்படா வர்ற? அடுத்த கப்பல்னு மட்டும் சொல்லிராத" என்றார்.

கணேசமூர்த்தி சிரித்தார். சிரிப்புக்கு நடுவே கண்ணீர் கொட்டி மப்ளர் நனைந்தது. போட்டோக்கொப்பி மெஷினுக்கு அந்தப் பக்கமிருந்து நஸார், "யாரு ஐயா அது? அந்தப் பயலா?" என்று கத்தினார்.

"எங்க அண்ணன்ங்க" என்றார் கணேசமூர்த்தி. "பெரட்டுக்கு வந்திருக்காரு."